சுருள்முடியும் இரசாயன நேர்முடியும்

அந்தமான் தீவுகளின் தொல்குடியினரான பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினல் மக்கள் ஆகியோரின் தலைமுடி இறுகிச் சுருண்ட தன்மையுடையது. நிக்கோபாரியரின் முடியோ நேராகவோ சற்றே அலையாகவோ காணப்படும். இவர்களோடு தமிழர், வங்காளியர், தெலுங்கர், சோட்டா நாகபுரியிலிருந்து வந்தோர் எனப் பல திறத்தாரும் இத்தீவுகளில் வாழ்கின்றனர். ஆகவே, முடியின் வேறுபாடுகளை அறிந்துகொள்வதற்கு இத்தீவுகள் தக்க இடமாகும். சுருள்முடியை இரசாயனப் பொருள்களால் நேராக்கும் வழக்கம் இந்திய நகரங்களில் பரவிவிட்ட இக்காலத்தில், அதன் விளைவுகளையும், இயற்கை முடிக்குத் திரும்பும் வழியையும் ஆசிரியரும் களப்பணியாளரும் தெரிந்திருத்தல் நலம்.

சுருளின் காரணம்

முடி, கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மயிர்க்கால் தோலினுள் வளைந்து அமைந்திருப்பின், அதிலிருந்து எழும் முடியும் வளைந்தே வளரும். நேர்முடியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டமாகவும், இறுகிய சுருள்முடியின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டமாகவும் இருக்கும். சுருள் என்பது குறையன்று. ஆப்பிரிக்கரின் முடியை அந்தமானியரின் முடி ஒத்திருப்பினும், மரபணு ஆய்வுகள் அந்தமானியரை ஆசிய மக்களோடு நெருங்கியவராகவே காட்டுகின்றன. வெப்பத்தை உணரும் மாதிரி உருவத்தைக் கொண்டு செய்யப்பட்டு 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கதிரவனின் வெப்பத்திலிருந்து தலையை மிகுதியாகக் காப்பது இறுகிய சுருள்முடியே எனக் கண்டறியப்பட்டது.

இரு வகைப் பிணைப்புகள்

கெரட்டினின் வடிவத்தைக் காப்பவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்பும் கந்தகப் பிணைப்பும் முக்கியமானவை. முன்னது வலிவு குறைந்தது. நீர் பட்டால் அவிழும், உலர்ந்தால் மீண்டும் இணையும். ஒரு நீண்ட முடியை நனைத்து எழுதுகோலில் சுற்றி உலரவிட்டால் அது சுருளும். மறுபடி நனைத்தால் பழைய வடிவையே அடையும். வகுப்பில் இதனை எளிதாகச் செய்து காட்டலாம். சூடான இரும்பால் நேராக்கிய முடி, தீவின் ஈரக்காற்றில் மீண்டும் சுருண்டுவிடுவதும் இக்காரணத்தாலேயே.

கந்தகப் பிணைப்போ வலிவானது. இரசாயனக் குழம்புகள் தாக்குவது இதனையே. காரச் சோடா கலந்த குழம்பு, இப்பிணைப்பிலுள்ள கந்தக அணுக்களுள் ஒன்றை நீக்கி, அதனை மீளாத வேறொரு பிணைப்பாக மாற்றிவிடுகிறது. தயோகிளைக்காலேட் வகைப் பொருள்கள் பிணைப்பைப் பிரிக்கின்றன. பின்னர் முடி நேராக வைக்கப்பட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருளால் புதிய நிலையில் மீண்டும் பிணைக்கப்படுகிறது. இரு முறைகளிலும் முடி வலிவிழக்கும். காரக் குழம்பு தலைத்தோலைப் புண்படுத்தவும் கூடும்.

அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2022-இல் வெளியாயிற்று. நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதோருள் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் காண்போர் நூற்றுக்கு 1.64 எனவும், அடிக்கடி பயன்படுத்தியோருள் 4.05 எனவும் அது மதிப்பிட்டது. இதனால் தொடர்பு புலனாகின்றது. இப்பொருள்களே காரணம் என்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளலாகாது.

திரும்பும் வழி

தோலுக்கு வெளியே தோன்றும் முடி உயிரற்றது. காரக் குழம்பால் மாறிய முடியை எந்த எண்ணெயும் மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. ஆனால் மயிர்க்கால் பழுதுறாத வரையில், புதிதாக வளரும் முடி இயற்கை வடிவிலேயே தோன்றும். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், முப்பது சென்டிமீட்டர் நீளம் புதிதாக வளர இரண்டரை ஆண்டுகள் செல்லும். இறுகிய சுருள்முடி இதனினும் சற்று மெதுவாக வளரும்.

புதுமுடியும் பழையமுடியும் கூடும் இடம் எளிதில் முறியும். அகன்ற பற்களுள்ள சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுத்தல், இறுகப் பின்னாதிருத்தல், சூட்டுக் கருவிகளைத் தவிர்த்தல், நுனியைச் சிறிது சிறிதாக வெட்டிவருதல் ஆகியவை பயன்தரும். காத்திருக்க விரும்பாதோர் நேராக்கிய பகுதி முழுவதையும் ஒரே முறையில் வெட்டிவிடலாம். அந்தமானியரிடையே தலைமுடியை மழித்துக் குறுக வைத்துக்கொள்வது பழவழக்கம். பெண்களே படிகக்கல் சில்லுகளாலும், பின்னர்ப் புட்டிக் கண்ணாடிச் சில்லுகளாலும் மழிப்பதை, 1906 முதல் 1908 வரை இத்தீவுகளில் ஆராய்ந்த ராட்கிளிஃப்-பிரவுன் குறித்துள்ளார். குறுகிய முடி அங்கு இழிவாகக் கருதப்பட்டதன்று.

பணியாளரின் கடமை

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஓங்கே மக்கள் 101 பேரே. சிறிய அந்தமானின் டுகாங் கிரீக்கில் பணியாற்ற அனுமதி பெற்றுச் செல்வோர் சொல்லும் ஒரு சொல்லும், இத்துணைச் சிறிய சமூகத்தில் பெரிதாகவே ஒலிக்கும். 1956-ஆம் ஆண்டின் தொல்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அம்மக்களின் நிலத்தைக் காக்கின்றது. தன்மதிப்பைக் காக்கும் பொறுப்போ அவரோடு பழகுவோரைச் சார்ந்தது. எனவே, சுருள்முடியை வாராத முடியென்றோ தூய்மையற்றதென்றோ கூறலாகாது. தூய்மை வேறு, வடிவம் வேறு. பேன், புண், அழுக்கு ஆகியவற்றை நோக்குவது சுகாதாரம். முடி நேராக இல்லையெனக் குறைகூறுவது அறியாமை. நேராக்க விரும்பும் மாணவிக்கு, செய்தபின் மீள்வதற்கு ஆண்டுகள் செல்லும் என்பதை முன்னரே எடுத்துரைத்தல் ஆசிரியரின் கடமையாகும்.