வானமா, வைசிராயா?



எதிரணி நண்பர் அழகாகக் கேட்டார்: "மழை பொய்ச்சது, பஞ்சம் வந்தது. இதுல வெள்ளைக்காரன் என்னய்யா பண்ணுவான்?" ஒத்துக்கிறேன். மழையை அவன் நிறுத்தல. சாவை நிறுத்தியிருக்கலாமே! (கைதட்டல்)

1876, தாது வருஷம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்றைக்குச் சேலம் மாவட்டம். 1871 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் 19 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல். 1881-இல் சுமார் 16 லட்சம்தான். செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன பிள்ளைகள், எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

சரி, எல்லை தாண்டிப் பிழைச்சுக்கலாமா? அந்தப் பக்கம் மைசூரிலும் அதே பத்தாண்டில் 50 லட்சம் பேர் 42 லட்சமாகக் குறைந்தார்கள். 1831 முதல் 1881 வரை அங்கேயும் வெள்ளைக்கார கமிஷனர் ஆட்சிதான்!

நாட்டில் தானியமே இல்லையா? 1877-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கோதுமை 3 லட்சத்து 20 ஆயிரம் டன். நம்ம ஊர் ராகி இல்லைங்க, வடக்கே விளைந்தது. ஆனால் ரயில் இருந்ததே, இங்கே திருப்பியிருக்கலாமே! வைசிராய் லிட்டன், சந்தையில் அரசு தலையிடாது என்றார். வியாபாரி விலை கிடைக்கிற இடத்துக்குத்தான் போவான். விளைச்சல் போன விவசாயிக்கும், வேலை போன கூலிக்கும் கையில் காசேது?

இன்னொரு சாட்சி சொல்றேன். ரிச்சர்ட் டெம்பிள்னு ஓர் அதிகாரி. 1874-இல் பீகாரில் வறட்சி. பர்மாவிலிருந்து அரிசி இறக்கினார். பட்டினிச் சாவு மிகச் சொற்பம். மேலிடம் பாராட்டியதா? செலவு அதிகம்னு திட்டு! 1877-இல் அதே மனிதரைச் சிக்கனம் பண்ணச் சொல்லிச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். நாளெல்லாம் மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும் கொஞ்சம் சில்லறையும் கூலி என்றார். ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோகூட இல்லை! இந்தக் கூலி போதாது என்று மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷே எதிர்த்தார்.

நடுவர் அவர்களே, அதே மனிதர், அதே வறட்சி. மாறியது மேலிடத்து உத்தரவு மட்டும்தான்.

அப்புறம் 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை. அதிலிருந்து பஞ்ச நிவாரண விதிகள். குற்றமெல்லாம் வானத்தோடதுன்னா, விதியை எதுக்கய்யா அரசாங்கத்துக்கு எழுதினான்? (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

இந்த மேடைக்கு வெளியே லாரிகள் எல்லை தாண்டிப் போகிற சத்தம் கேட்குது. அன்றைக்கும் தானியம் நகர்ந்தது. பசித்தவன் பக்கம் அதைத் திருப்ப ஆளில்லை. அதைத்தான் ஆட்சியின் குற்றம் என்கிறேன்.