கால் தளர்ந்த குழந்தைக்கு மலப் பரிசோதனை எதற்கு?

பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கையோ காலோ திடீரெனத் தளர்ந்துவிட்டால், குறைந்தது ஒரு நாள் இடைவெளியில் இருமுறை மலத்தைச் சேகரித்து ஆய்வுக்கு அனுப்புகிறோம். தளர்ச்சி தொடங்கிய 14 நாட்களுக்குள் இதைச் செய்தாக வேண்டும். காலுக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் மலத்தைக் கேட்கிறார்களே என்று பெற்றோர் திகைப்பது இயல்பே.

இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் போலியோ வைரஸ் குடலில் பெருகி, மலத்துடன் வெளியேறி, அசுத்த நீராலும் கழுவாத கைகளாலும் பிறரை அடைகிறது. தொற்றுக்குள்ளாவோரில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே மீளாத வாதம் ஏற்படுகிறது. பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. எனவே, வாதமுற்ற ஒரு குழந்தைக்குப் பின்னால், கிருமியைச் சுமந்து நலமாக நடமாடும் நூற்றுக்கணக்கானோர் இருக்கக்கூடும். தளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. இன்று நம் நாட்டில் பெரும்பாலும் அவையே காரணம். ஆயினும் ஆய்வின்றி அதை உறுதிசெய்ய இயலாது.

1988இல் உலக சுகாதாரப் பேரவை போலியோவை ஒழிக்கத் தீர்மானித்தபோது, ஆண்டுதோறும் சுமார் 3,50,000 பேர் வாதமுற்றனர். இந்தியாவில் இயற்கையான போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட குழந்தை. வைரஸின் மூன்று வகைகளுள் இரண்டு உலகிலிருந்தே மறைந்துவிட்டன. முதல் வகை மட்டும் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வேரூன்றியிருக்கிறது.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் கூற விரும்புகிறோம். சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். தடுப்பு மருந்து பெறாதோர் மிகுந்த இடங்களில் அது நெடுங்காலம் பரவினால், அரிதாக மீண்டும் வீரியம் பெறுகிறது. 2022இல் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி பெறாத ஓர் இளைஞரும், 2024இல் காசாவில் பத்து மாதக் குழந்தையும் இவ்வாறே வாதமுற்றனர். சொட்டு மருந்தைத் தவிர்ப்பது இதற்குத் தீர்வாகாது. ஒரு பிள்ளையும் விடுபடாமல் கொடுத்தால் அவ்வைரஸ் பரவ வழியில்லை.

சொட்டு மருந்து குடலில் தடுப்பாற்றலை வளர்க்கிறது. ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி வாதத்தைத் தடுக்கிறது. ஆகவே இரண்டும் தேவை. பிறந்தவுடனும் 6, 10, 14ஆம் வாரங்களிலும் 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் சொட்டு மருந்து. 6, 14ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் ஊசி. இவை முறையாகப் பெற்ற குழந்தைக்கும் முகாம் நாளில் சொட்டு மருந்து கொடுக்கலாம். சாதாரண சளி அதற்குத் தடையன்று. வீட்டில் எவருக்கேனும் நோயெதிர்ப்புக் குறைபாடு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.