நிலம் இருக்கிறது, ரொக்கம் எங்கே?

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்த மின்னஞ்சலுக்குப் பின்னாலேயே, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு படிவமும் வரும். முதல் ஆண்டுச் செலவுக்கான பணம் யாரிடம் இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, அவர் உங்களுக்குத் தரச் சம்மதிக்கிறாரா என்று அது கேட்கும். ஜி.ஆர்.இ. தேர்வுக்கு மாதக்கணக்கில் தயாராகும் பிள்ளைகள் இந்தக் காகிதங்களைக் கடைசி நேரத்தில் தேடி ஓடுவது ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது.

கேட்கச் சொல்வது சட்டம். எஃப்-1 மாணவர் விசாவுக்கு அடிப்படையான ஐ-20 படிவத்தை, நிதி ஆதாரத்தைப் பரிசீலித்த பிறகே பல்கலைக்கழகம் வழங்கலாம். அந்தப் படிவத்தில் கல்விக் கட்டணம், தங்கும் செலவு முதலானவை ஒரு பட்டியலாக இருக்கும். சொந்தப் பணம், பல்கலைக்கழகம் தருவது, பிறர் தருவது எல்லாம் இன்னொரு பட்டியல். இரண்டும் ஈடாக வேண்டும். முழு நிதியுதவியோடு பிஎச்.டி. செல்பவருக்குப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக் கடிதமே பெரும்பாலும் போதும். சொந்தச் செலவில் எம்.எஸ். செல்பவருக்குத்தான் பாடு.

எண்ணப்படுவது கைக்கு உடனே வரக்கூடிய பணம் மட்டும்: சேமிப்புக் கணக்கு, நிலை வைப்பு, வங்கியின் கல்விக் கடன் அனுமதிக் கடிதம். வீடு, நிலம், நகை, முடியாத சீட்டு எதுவும் சேராது. நம் ஊரில் நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் கிடப்பது இந்த இரண்டாவது வரிசையில்தான். தாசில்தாரிடம் வாங்கிய சால்வன்சி சான்றிதழையும் ஆடிட்டர் போட்டுத் தந்த சொத்து மதிப்புக் கணக்கையும் பல பல்கலைக்கழகங்கள் அப்படியே ஒதுக்கி வைத்துவிடும். முப்பது ஆண்டு உழைத்து வாங்கிய நிலத்துக்கு அந்த மேசையில் மதிப்பில்லை என்பது வேதனைதான். விசா நேர்காணலில் மட்டும் அதற்குக் கொஞ்சம் வேலை உண்டு. படிப்பு முடிந்து ஊர் திரும்ப இங்கே பிடிப்பு இருக்கிறது என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டிய இடம் அது.

நிலத்தை ரொக்கமாக்கும் வழி கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் ஈடு வேண்டும். அமெரிக்கப் படிப்புக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது. ஆகவே மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, பொறியாளர் மதிப்பீடு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். விவசாயக் குடும்பங்களுக்கு இங்கே இன்னொரு அடி விழுகிறது. கடன் வாராமல் போனால் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தை வங்கிகளுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் தருகிறது. அந்த அதிகாரம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. உழவரைக் காக்க வைத்த விதிவிலக்கு அது. ஆனால் அதனாலேயே வயலை ஈடாக வாங்கப் பல வங்கிகள் தயங்குகின்றன. வீடோ மனையோ கேட்கிறார்கள். அந்த வீட்டுப் பத்திரம் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றில் தொடங்கி மாதங்கள் கரையும். அதனால்தான் சொல்கிறேன், விண்ணப்பம் போடும்போதே பத்திரப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். சேர்க்கைக் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, டாலர் மதிப்பு. கடன் ரூபாயில், செலவு டாலரில். உதாரணமாக, ஓராண்டுச் செலவு 53,000 டாலர், கடன் 46 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாயாக இருந்தால் அது 54,000 டாலரைத் தாண்டும். 90 ரூபாயானால் 51,111 டாலர்தான். கடிதம் திரும்பி வரும். கொஞ்சம் கூடுதலாகவே கடன் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, பெயர். அப்பாவின் வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். அவருடைய பான் அட்டையில் அது முழுப் பெயராக விரிந்திருக்கும். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் உட்கார்ந்திருக்கும். நமக்கு இது ஒரே வீடு என்று பார்த்ததும் புரியும். அங்கே படிவம் பார்ப்பவருக்கு வேறு வேறு ஆட்களாகத் தெரியலாம். வங்கிச் சான்றிதழ் வாங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சில முகவர்கள் குறுக்கு வழி காட்டுவார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் கணக்கில் சில வாரங்களுக்குப் பெருந்தொகை போட்டு வைத்து, சான்றிதழ் எடுத்ததும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தயவுசெய்து இதற்கு இணங்காதீர்கள். விசா பெறப் பொய்யான தகவல் தந்தது உறுதியானால், அமெரிக்கச் சட்டப்படி நுழைவுத் தடை வாழ்நாள் முழுவதும் தொடரும். 22 வயதுப் பிள்ளையின் மேல் அப்படி ஒரு முத்திரை விழ விடலாமா? மற்ற நாடுகள் தத்தம் விதிகளால் இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கின்றன. பிரிட்டனில் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. மாதம் 992 யூரோதான் வெளியே எடுக்கலாம்.

அமெரிக்க விஷயத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இரண்டாம் ஆண்டு. எம்.எஸ். பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்பு. ஐ-20-க்காக ரொக்கமாகக் காட்டச் சொல்வது பொதுவாக முதல் ஆண்டுச் செலவை மட்டுமே. அதைச் சமாளித்துவிட்டு, மீதியை அங்கே வேலை பார்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். பாடம் நடக்கும் மாதங்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அந்தக் கூலி சாப்பாட்டுக்கு உதவும், கல்விக் கட்டணத்துக்கு எட்டாது. கடும் பண நெருக்கடியில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யத் தனி அனுமதி உண்டு. ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகே அதைக் கேட்கலாம். நெருக்கடி எதிர்பாராமல் வந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். கிளம்பும்போதே தெரிந்திருந்த பற்றாக்குறைக்கு அந்த அனுமதி கிடைக்காது.