நின்ற அந்த ஒரு நிமிடம்

மேட்டில் ஏறும்போது வண்டி நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் முன்னால் அரைமணி நேரம் அலுங்காமல் ஓடும். "நல்லாத்தானே ஓடுது" என்று பிளக்கை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார். மறுநாள் அதே மேட்டில் மறுபடி நிற்கும். அடியோடு கெட்ட இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். விட்டுவிட்டு மக்கர் செய்யும் இன்ஜினில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

குவாட் பைக்குக்கு இந்தத் தொல்லை அதிகம். சாலையில்லாத இடத்தில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி அது. 1970-ல் ஹோண்டா அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. 1982-ல் சுசுகியின் குவாட்ரன்னர் நான்கு சக்கரத்தோடு வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மேய்ச்சல் பண்ணைகளில் ஆடு மாடுகளை ஓட்ட இன்று பலரும் இதை நம்பியிருக்கிறார்கள். சேறு, புழுதி, ஓடைத் தண்ணீர், ஓயாத குலுக்கல் எல்லாமே ஒயரிங்குக்கும் கார்புரேட்டருக்கும் பகை. மெதுவாக ஊர்ந்து போகும்போது காற்று படாமல் இன்ஜின் வேறு கொதிக்கிறது.

இதை வெறும் எரிச்சல் என்று தள்ளிவிடக் கூடாது. 200, 300 கிலோ எடையுள்ள வண்டி செங்குத்தான சரிவில் நின்று பின்னோக்கி உருண்டால் ஓட்டுபவர் மேலேயே கவிழக்கூடும். கவிழ்ந்து இறப்பவர்கள் அதிகம் என்பதால்தான் 2021 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியாவில் விற்கும் புதிய பண்ணைக் குவாட் பைக்குகளில், ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது.

கோளாறைத் தேட வேண்டிய நேரம், வண்டி நின்ற அந்த ஒரு நிமிடம். மறுபடி கிளம்பிவிட்டால் தடயம் அழிந்துவிடும். அதற்கு முன்னால் காது ஒரு சாட்சி சொல்லும். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சாவியைத் திருப்பியதுபோலப் பட்டென்று நின்றதா, அல்லது இழுவை குறைந்து, இரண்டு முறை இருமி, மூச்சு வாங்கி அடங்கியதா? முதலாவதில் கரண்ட் மீது சந்தேகம். மெக்கானிக்குகள் பிளக்கில் வரும் தீப்பொறியைத்தான் அப்படிச் சொல்வார்கள். இரண்டாவதில் பெட்ரோல் மீது. சோக்கை இழுத்ததும் சில விநாடி உயிர் வருகிறது என்றால் பெட்ரோல் பற்றாக்குறை அநேகமாக உறுதி.

காது சொன்னதைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். பிளக்குக்கும் அதன் தொப்பிக்கும் நடுவே மாட்டும் சோதனை விளக்கு மலிவானது. அதை மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினால் கரண்ட் வருகிறதா என்று தெரிந்துவிடும். அது முடிந்து சாவியை அணைத்த பிறகே கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்த வேண்டும். பெட்ரோல் சூடான சைலன்சரில் படாமல் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். நன்றாக ஒழுகினால் வரத்து சரி. இரண்டு சொட்டோடு நின்றால் மேலே எங்கோ தடை. குப்பியின் அடியில் தனியாக ஒரு படலம் தேங்கினால் அது தண்ணீர்.

தடை என்றதும் எல்லோரும் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன்னால் டாங்க் மூடியைப் பாருங்கள். பெட்ரோல் இறங்க இறங்க அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். பல குவாட் பைக்குகளில் மூடியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் கைப்பிடித் தண்டுக்குள் போகும். அதில் சேறு அடைத்தாலோ மடங்கினாலோ டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது. எவ்வளவு வெற்றிடம் போதும் என்று கணக்குப் போட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உயரம் 30 சென்டிமீட்டர் என்றால், அந்தப் பெட்ரோலின் எடை தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். டாங்குக்குள் அழுத்தம் அந்த அளவு குறைந்தாலே ஒழுக்கு நின்றுவிடும். உள்ளே 5 லிட்டர் காற்று இருந்தால் 100 மில்லி பெட்ரோல் இறங்கினாலே அந்த நிலை வந்துவிடும். பெட்ரோல் ஆவி ஓரளவு ஈடுகட்டுவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு துப்பும் கிடைக்கிறது. டாங்க் நிரம்பியிருக்கும்போது உள்ளே காற்று குறைவு, அதனால் சீக்கிரம் நிற்கும். பாதி டாங்கில் நேரமாகும். வண்டி நின்றதும் மூடியைத் திறந்து "உஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால், அடுத்த நிமிடமே வண்டி கிளம்பினால், விஷயம் முடிந்தது. மூடியைத் திறக்காமல் விட்டாலும் பத்து நிமிடத்தில் காற்று எப்படியாவது கசிந்து உள்ளே போய்விடும். வண்டி தானாகவே குணமானதுபோலத் தோன்றும்.

கரண்ட் பக்கத்தில் பெரிய மாயாவி பல்ஸர் காயில். சுழலும் மேக்னெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது பொறி விழ வேண்டும் என்று சொல்லும் சிறு சுருள் அது. தலைமுடிபோல மெல்லிய தாமிரக் கம்பியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும். இன்ஜின் சூடானால் முனைகள் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டர் வைத்தால் சரியான அளவையே காட்டும். அதனால்தான் பட்டறையில் அது தப்பித்துவிடுகிறது.

சுருளைச் சூடாக்கிக்கொண்டே அளக்க வேண்டும். முடி உலர்த்தும் டிரையர் போதும். தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 200 ஓம் காட்டும் சுருள் 90 டிகிரியில் 245 ஓம் அளவுக்கு வருவது இயல்பு. மீட்டரில் எண் நிதானமாக ஏறிக்கொண்டே போகும்: 210, 218, 225. நல்ல சுருள் அப்படியே ஏறி நிற்கும். விரிசல் விட்ட சுருளில் திடீரென்று எண் மறைந்து, இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டும். டிரையரை எடுத்துவிட்டுக் காத்திருந்தால் எண் திரும்பி வரும். மலைமேட்டில் நடந்தது மேசைமேல் நடப்பதை முதல்முறை பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் நிம்மதி பெரியது.

கைப்பிடியைத் திருப்பும்போதோ பள்ளத்தில் குதிக்கும்போதோ நின்றால் காயிலைத் தேடிப் போக வேண்டாம். மேக்னெட்டோ வகை சி.டி.ஐ. பற்றவைப்பு உள்ள வண்டிகளில் நிறுத்தும் பொத்தானின் வேலை, ஒரு ஒயரைச் சட்டகத்தோடு இணைத்துக் கரண்டை வீணாக்குவது. கைப்பிடித் தண்டருகே அந்த ஒயரின் தோல் உரசித் தேய்ந்து இரும்பில் பட்டால் நீங்கள் பொத்தானை அழுத்தியதற்குச் சமம். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கைப்பிடியை இரு பக்கமும் திருப்பி, ஒயர்க் கட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

சூட்டில் நின்று, கரண்டும் பெட்ரோலும் சரியாக இருந்தால், வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள டாப்பெட் இடைவெளியை அளக்க வேண்டும். ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் புழுதி வால்வையும் அது உட்காரும் இடத்தையும் அரித்து அந்த இடைவெளியைத் தின்றுவிடும். சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் போய்விடும்.

பாகத்தை மாற்றியபின் ஒருநாள் நிற்காமல் ஓடியதும் வெற்றி என்று நம்பிவிடுகிறோம். மூன்று சவாரிக்கு ஒருமுறை நிற்கும் வண்டி, ஒன்றுமே செய்யாவிட்டாலும் தொடர்ந்து மூன்று சவாரி நிற்காமல் ஓட 30 சதவீத வாய்ப்பு உண்டு. எட்டுச் சவாரி தாண்டினால்தான் அந்த வாய்ப்பு 4 சதவீதத்துக்குக் குறைகிறது. அவ்வளவு காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. கோளாறு டாங்க் மூடியின் ரப்பர் குழாயில் என்றால், சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சுத்தம் செய்த அந்தக் குழாயின் வாயை மறுபடி அடையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பழையபடி இருமி நின்று, மூடியைத் திறந்ததும் கிளம்பினால், நீங்கள் பிடித்தது அதே கோளாறுதான்.