சும்மா இருந்தால் கலைந்துபோகும் அரசு: வியூக கேமில் ‘ஹோர்டு’ ஆடுவது எப்படி? வங்காளத்துக்கு அது ஏன் புதிதல்ல?

கொல்கத்தாவில் கரியாஹாட் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். பஸ் ஹாரன், நடைபாதைக் கடைக்காரர்களின் கூவல், எதையும் காதில் வாங்காமல் சிலர் செஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். ரெண்டு பக்கமும் 16 காய், ரெண்டு பக்கமும் ஒரே விதி.

கம்ப்யூட்டரில் ஆடும் வரலாற்று வியூக கேம்களில் இந்தச் சமத்துவம் கிடையாது. நாட்டுக்கு நாடு விதி மாறும். அதிலேயே விசித்திரமான விதி, மத்திய ஆசியப் புல்வெளிகளில் குதிரைமேல் வாழ்ந்த நாடோடி அரசுகளுக்கு உண்டு. கேமில் அவற்றுக்குப் பெயர் ‘ஹோர்டு’.

இரவு 10 மணிக்கு “ஒரே ஒரு போர், அப்புறம் தூங்கிடலாம்” என்று உட்கார்ந்து 2 மணிக்கு எழுந்திருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ்’ பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இது ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் தயாரித்த கேம். 2013-ல் வந்த நான்காம் பாகம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்கி 1821 வரை ஓடும். உலக வரைபடத்தில் எந்த நாட்டையும் எடுத்து நீங்கள் ஆளலாம். ஐந்தாம் பாகமும் 2025-ல் வந்துவிட்டது. இங்கே பேசுவது நான்காம் பாகத்தைப் பற்றி.

ஹோர்டு என்றால் என்ன வித்தியாசம்?

மற்ற நாடுகளை ஆடும்போது வரி வரும், வணிகம் வரும், கட்டடம் கட்டலாம். நாலு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஹோர்டு அப்படியல்ல. ‘ஹோர்டு யூனிட்டி’ என்று ஓர் எண் இருக்கும். உங்களுக்குக் கீழே உள்ள குலத்தலைவர்கள் எந்த அளவுக்கு உங்கள் பேச்சைக் கேட்கிறார்கள் என்பதன் அளவு அது. அந்த எண் ஆண்டுக்காண்டு தானாகக் கரையும். கொள்ளையடித்தால்தான் ஏறும். அமைதி நீண்டால் கலகம் வரும்.

இன்னொன்று, பிடித்த ஊரைத் தரைமட்டமாக்கும் பட்டன். அதை அழுத்தினால் அந்த மாகாணத்தின் ‘டெவலப்மென்ட்’ எண் குறையும். குறைந்தது உங்கள் கணக்கில் ஆட்சிப் புள்ளிகளாக வந்து சேரும். அந்தப் புள்ளிகளை வைத்துத் தொழில்நுட்பம் வாங்கலாம். அதாவது, ஓர் ஊரை எரித்து அந்தச் சூட்டில் அடுத்த துப்பாக்கிக்கு முன்பணம் கட்டுகிறீர்கள். (இந்தப் பட்டன் அடிப்படை கேமில் கிடையாது. 2015-ல் வந்த ‘தி காஸக்ஸ்’ விரிவாக்கத்தைத் தனியாக வாங்க வேண்டும். தள்ளுபடிக்குக் காத்திருப்பது நல்லது.)

ஆடும் முறை பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன். சமவெளியில் மட்டும் சண்டை போடுங்கள். அங்கே உங்கள் குதிரைப்படைக்குக் கூடுதல் பலம் உண்டு, மலையிலும் காட்டிலும் அது தண்டனையாக மாறிவிடும். பிடித்த ஊரை உங்கள் நிர்வாகத்தில் சேர்க்கும் முன்பே எரித்துவிடுங்கள், சேர்க்கும் செலவு குறையும். கடைசியாக, எப்போது நிறுத்தப்போகிறோம் என்று முதல் நாளே யோசித்து வையுங்கள். கேமின் பிற்பாதியில் பீரங்கிகள் வந்ததும் குதிரையின் மவுசு போய்விடும். அதற்குள் சீர்திருத்தம் செய்து சாதாரண அரசாக மாறாவிட்டால் பெரும்பாலும் சிரமம்தான்.

பலரும் எடுப்பது மங்கோலியாவின் மேற்கே இருக்கும் ஓய்ராத். காரணம் நிஜ வரலாறு. 1449-ல் ஓய்ராத் தலைவர் ஏசன், துமு என்ற இடத்தில் சீனாவின் மிங் பேரரசரையே உயிரோடு பிடித்தார். சண்டைக்கு ஒரு காரணம், குதிரை கொண்டுவந்த தூதர்களுக்கு மிங் அரசு கொடுத்த பரிசும் விலையும் குறைந்துபோனது. ஸ்டெப்பி தலைவனின் பொருளாதாரமே அதுதான்: வெளியிலிருந்து பட்டும் பொருளும் வாங்கி, கீழே இருப்பவர்களுக்குப் பங்கு போட வேண்டும். பங்கு நின்றால் விசுவாசமும் நிற்கும். பேரரசரைப் பிடித்த ஏசனால் அதைக் காசாக்க முடியவில்லை. பெய்ஜிங்கில் வேறொருவரை அரியணையில் உட்காரவைத்துவிட்டார்கள். பிணைக்கைதியை 1450-ல் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் ஏசன் சொந்த ஆட்களின் கலகத்தில் செத்தார். ஹோர்டு யூனிட்டி பூஜ்யம்!

சரி, இதுக்கும் கொல்கத்தாவுக்கும் என்ன சம்பந்தம்?

கரியாஹாட்டிலிருந்து வடக்கே போனால் ஆச்சார்யா ஜகதீஷ் சந்திர போஸ் சாலை வரும். பழைய பெயர் சர்க்குலர் ரோடு. அந்தச் சாலை ஓடும் தடத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் அகழி. 1742-ல் மராத்தியக் குதிரைப்படைக்குப் பயந்து தோண்டியது. ‘மராத்தா டிச்’ என்பார்கள்.

கேம் மராத்தியரை ஹோர்டு என்று வகைப்படுத்துவதில்லை. அது சரிதான். அவர்களுக்குக் கோட்டை, வரிக்கணக்கு, எழுத்தர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனால் 1740-களில் வங்காளத்துக்கு வந்த படை வேலை செய்த விதம், நான் சொன்ன விதிகளுக்கு மிக அருகில் இருக்கிறது.

அனுப்பியவர் நாக்பூரின் ரகோஜி போன்ஸ்லே. நம்ம ஊருக்கும் தெரிந்தவர்தான். 1740-ல் தாமல்செருவு கணவாயில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்று, 1741-ல் திருச்சிராப்பள்ளியைப் பிடித்து, சந்தா சாகிபைக் கைதியாகக் கொண்டுபோன அதே ரகோஜி. அடுத்த வருஷம் அவருடைய தளபதி பாஸ்கர் பண்டிட் வங்காளத்தில் நுழைந்தார். வந்த குதிரை வீரர்களை வங்காளிகள் ‘பொர்கி’ என்றார்கள். மராத்தியில் ‘பார்கீர்’ என்றால் சொந்தக் குதிரை இல்லாமல், அரசு கொடுத்த குதிரையில் போகும் வீரன்.

நவாப் அலிவர்தி கானின் பெரிய படையோடு நேராக மோதுவதை முடிந்தவரை தவிர்த்தார்கள். அது ஒரு பக்கம் போனால் இவர்கள் வேறு பக்கம் ஊரை எரித்தார்கள். 1742-ல் தலைநகர் முர்ஷிதாபாத்துக்குள்ளேயே புகுந்து ஜகத் சேட்டின் வட்டிக்கடை மாளிகையைச் சூறையாடினார்கள். அவர்களைத் தடுத்தது பாகீரதி ஆறும் மழைக்காலமும்தான். கேமில் சமவெளிக்கு வெளியே குதிரை திணறும் அதே கதை. அதனால் அடி முழுக்க ஆற்றுக்கு மேற்கே இருந்த பர்தமான், மேதினிபூர், பீர்பூம் பக்கம் விழுந்தது. ஜனங்கள் கிழக்கே ஓடி வந்தார்கள். ஒரு பகுதியினர் கொல்கத்தாவுக்கு. அகழி ஏழு மைல் திட்டம். ஏறக்குறைய மூன்று மைல் முடிந்ததும் நின்றுபோனது. பொர்கிகள் கொல்கத்தாவைத் தாக்கவே இல்லை.

இங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. எரித்த மாகாணத்தில் கேம் ஓர் எண்ணைக் குறைக்கிறது, இன்னோர் எண்ணைக் கூட்டுகிறது, முடிந்தது. வங்காளத்தில் அந்தக் குறைந்த எண் யார்? நெசவாளர், பட்டுப்புழு வளர்ப்பவர், நெல் விளைவித்தவர். இறந்தவர்கள் 4 லட்சம் என்று டச்சுக் கம்பெனிக்காரர்களின் ஒரு மதிப்பீடு சொல்கிறது. தலை எண்ணிய கணக்கல்ல அது, ஊகம். வங்காளக் குடும்பங்களில் இன்றும் பாடும் ஒரு தாலாட்டில் பொர்கி வருகிறான், கூடவே வரி கட்ட வழியில்லாத கவலையும் வருகிறது. எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் இந்தக் காலம் இல்லை. கேம் வரலாறு கற்றுத்தருகிறது என்பார்கள். கற்றுத்தருகிறது, ஆனால் எரித்தவனின் கணக்குப்புத்தகத்திலிருந்து.

நிறுத்தியது எது?

1744-ல் அலிவர்தி கான் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, கூடாரத்தில் வைத்துப் பாஸ்கர் பண்டிட்டைக் கொன்றார். கேமில் இப்படித் தளபதியை இழந்தால் கொஞ்ச நாள் மூச்சு வாங்கலாம். நிஜத்தில் ரகோஜியே அடுத்த ஆண்டு படையோடு வந்தார். கடைசியில் முடித்தது 1751 ஒப்பந்தம். ஒடிசா மராத்தியர் கைக்குப் போனது. வங்காளத்துக்கான ‘சௌத்’, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். எரிக்காமல் இருப்பதற்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு நிரந்தர வரவு.

ஹோர்டு ஆடுபவர் தேடும் ‘எப்போது நிறுத்துவது’ என்ற கேள்விக்கு ரகோஜி கண்டுபிடித்த விடை இது. ஓய்ராத் வாரிசுகளான ஜுங்கார்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதே 1750-களில் சிங் பேரரசின் படைகள் அவர்கள் அரசையே இல்லாமல் ஆக்கின.

அகழி 1799-ல் தூர்ந்து சாலையானது. அதன் பெயரைத் தாங்கி பாக்பஜார் பக்கம் ‘மராத்தா டிச் லேன்’ என்று ஒரு சின்னச் சந்து மிச்சமிருக்கிறது.