நாலு கால் பயணிகள், மூவாயிரம் கிலோமீட்டர்

1843 மே மாதம். அமெரிக்காவின் மிசௌரி எல்லையிலிருந்து சுமார் ஆயிரம் பேர் கூண்டு வண்டிகளில் ஓரிகன் நோக்கிக் கிளம்பினார்கள். போக வேண்டிய தூரம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கொஞ்ச தூரம் போவதற்குள் சண்டை வந்துவிட்டது. காரணம், மாடு.

சிலர் பெரிய மந்தையையே ஓட்டி வந்திருந்தார்கள். அந்த மந்தைக்கு எல்லோரும் முறைபோட்டு ராக்காவல் இருக்க வேண்டும் என்றதும், மந்தை இல்லாதவர்கள் மறுத்தார்கள். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பீட்டர் பர்னெட் பதவியை உதறினார். (பின்னாளில் கலிபோர்னியா மாநிலத்தின் முதல் ஆளுநரானவர் இவர்தான்.) கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மந்தைக்காரர்களின் ‘மாட்டு அணி’க்கு ஜெஸ்ஸி ஆப்பிள்கேட் தலைமை ஏற்றார்.

அந்த அணியின் ஒரு நாளை ஆப்பிள்கேட் பிற்பாடு எழுதி வைத்தார். அதிகாலை 4 மணிக்குக் காவலர்களின் துப்பாக்கி வெடிக்கும். இரவில் மேய்ந்து சிதறிய மாடுகளை ஆட்கள் வளைத்து ஓட்டி வருவார்கள். 7 மணிக்கு வண்டி நகர்ந்தாக வேண்டும். நடுப்பகலில் மாடுகள் இளைப்பாற ஒரு நிறுத்தம். இந்தப் பாதையில் நாளெல்லாம் நடந்தாலும் 25 கிலோமீட்டர் போனால் அதிகம். கோவேறு கழுதை பூட்டினால் இன்னும் விரைவாகப் போகலாம். ஆனால் காளைக்கு விலை குறைவு. வழியில் கிடைக்கும் புல்லே அதற்குப் போதும். அதனால் பெரும்பாலோர் காளைகளையே பூட்டினார்கள். கறவை மாடு வைத்திருந்தவர்களுக்கு ஓர் உபரி லாபமும் இருந்தது. காலையில் பாலேட்டைக் கலத்தில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால், சாயங்காலத்துக்குள் குலுங்கியே வெண்ணெய் திரண்டுவிடும்.

ரயில் வந்ததும் வேகம் கூடியது, விலங்குகளின் பாடு மோசமானது. தீனியும் தண்ணீரும் இல்லாமல் பெட்டிகளில் அடைபட்ட மாடுகள் வழியிலேயே செத்தன. 1873-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது: 28 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கொண்டுபோகக் கூடாது, கீழே இறக்கி, தீனியும் தண்ணீரும் காட்டி, 5 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். 1906-இலும் 1994-இலும் மாற்றி எழுதப்பட்ட இந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இது வாடகைக்கு ஏற்றிச் செல்பவர்களுக்கானது. சொந்த ட்ரெய்லரில் ஆடு, கோழி, குதிரையோடு வீடு மாறும் குடும்பத்துக்கு எங்கே நிறுத்துவது, எப்போது கிளம்புவது என்பதை அந்த ஜீவன்களின் உடம்புதான் சொல்கிறது.

குதிரையின் தலையைத் தூக்கிக் கட்டினால் மூச்சுக்குழாயில் சேரும் சளி வெளியேறாமல் நுரையீரலில் நோய் பிடிக்கும். ஆகவே நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, அது தலையைத் தாழ்த்தவிட வேண்டும். ஊர் மாறினால் தண்ணீரின் ருசி மாறும். சில குதிரைகள் வாய் வைக்காது. அனுபவசாலிகள் புறப்படும் முன்பே ஆப்பிள் சாறு கலந்த தண்ணீரைப் பழக்கிவிடுவார்கள். வழியில் எந்த ஊர்த் தண்ணீரில் கலந்தாலும் அதே ருசி. கறவை ஆட்டுக்கு நெடுஞ்சாலை ஓரமானாலும் நேரம் தவறாமல் பால் கறந்தாக வேண்டும். கோழிக்கு வியர்க்காது. ஓடும் வண்டியில் காற்று வரும்வரை தப்பித்துவிடும். வெயிலில் நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் மூச்சிரைத்துச் சாய்ந்துவிடும்.

இரவுத் தங்கலுக்குக் ‘குதிரை மோட்டல்’கள் உண்டு. மனிதர்களுக்கு அறை கிடைக்காவிட்டாலும், குதிரைக்குக் கொட்டில் நிச்சயம். பல ஊர்க் கண்காட்சித் திடல்களும் கொட்டில்களை வாடகைக்கு விடுகின்றன.

அடுத்தது காகிதம். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கால்நடை மருத்துவர் தரும் உடல்நலச் சான்று பெரும்பாலும் 30 நாட்களுக்குத்தான் செல்லும். ஆட்டின் காதில் அது எந்தப் பண்ணையைச் சேர்ந்தது என்று காட்டும் வில்லை வேண்டும். மூளையைத் தாக்கும் ‘ஸ்க்ரேப்பி’ நோயைத் தடம் பிடிக்க இந்த ஏற்பாடு. குதிரைக்கு ‘காகின்ஸ்’ ரத்தப் பரிசோதனை. கடிக்கும் ஈக்கள் பரப்பும் ரத்தசோகை நோயைக் கண்டறிய லெராய் காகின்ஸ் 1970-இல் உருவாக்கியது. பறவைக் காய்ச்சல் பசுக்களுக்கும் பரவிய பிறகு, 2024 ஏப்ரலில் கறவை மாடுகளும் பரிசோதனை முடிந்த பின்பே மாநில எல்லையைத் தாண்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு உத்தரவிட்டது.

போய்ச் சேர்ந்தாலும் வேலை ஓயாது. அங்கே ஏற்கெனவே கால்நடை இருந்தால், புதிதாக வந்தவற்றைச் சில வாரங்கள் தனியே கட்டுகிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த உலர்புல்லோடு புதியதைச் சிறுகச் சிறுகக் கலந்து வயிற்றைப் பழக்குகிறார்கள். கோழிகளைச் சில நாட்களுக்குக் கூட்டை விட்டு வெளியே விடுவதில்லை. விட்டால் பொழுது சாய்ந்ததும் அடைய இடம் தெரியாமல் அலையும். பயண அலுப்பில் அவை முட்டையிடுவதை நிறுத்திவிடலாம் என்பதால், முட்டைக்கு மட்டும் கொஞ்ச காலம் கடையைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்த வாரம்: லாரி ஏறாமல் நடந்தே எல்லை தாண்டும் ராஜஸ்தான் செம்மறிகள்.

(தொடரும்)