எல்.இ.டி. டார்ச் விளக்கு: நீலகிரி மலைப்பகுதியில் தேர்வும் பயன்பாடும்

எல்.இ.டி. டார்ச் விளக்கு என்பது ஒளியுமிழ் டையோடை ஒளிமூலமாகவும் மின்கலத்தை ஆற்றல் மூலமாகவும் கொண்ட கையடக்க விளக்கு ஆகும். இது கைமின்விளக்கு, கைவிளக்கு என்றும், பேச்சு வழக்கில் டார்ச் லைட், பேட்டரி லைட் என்றும் அழைக்கப்படுகிறது. நீலகிரி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இது குடையைப் போலவும் கம்பளியைப் போலவும் அன்றாடத் தேவைப் பொருளாக உள்ளது. உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களின் ஹார்டுவேர் கடைகளிலும் மின்சாதனக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்கு வெளிச்சமான டார்ச் விளக்குகள் கிடைக்கின்றன. ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண்கள் விளக்கின் உண்மையான திறனைக் காட்டுவது அரிது. வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும், எவ்வளவு நேரம் நிலைக்கும், மழையிலும் பனியிலும் வேலை செய்யுமா என்ற மூன்று கேள்விகளே மலைப்பகுதியில் முக்கியமானவை.

நீலகிரியில் தேவை

பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டிலேயே செயல்படத் தொடங்கி, சமவெளிக்கு மின்சாரம் வழங்கியது. பின்னர் குந்தா நீர்மின் திட்டமும் வந்தது. இருப்பினும், தோட்டங்களுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெருவிளக்கு இல்லை. தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகள் பிரதான சாலையிலிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் விலகியே அமைந்துள்ளன. பறித்த கொழுந்து பல மணி நேரம் வாட வைக்கப்பட்ட பிறகே அரைக்கப்படும் என்பதால், தேயிலைத் தொழிற்சாலைகளில் இரவிலும் விடியலுக்கு முன்பும் வேலை நடக்கும். கடைசிப் பேருந்தில் வந்து இறங்குவோரும் இருட்டில்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

இப்பாதைகளில் காட்டு விலங்குகளின் நடமாட்டம் உண்டு. குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் காட்டெருமையும் கரடியும், கூடலூர், பந்தலூர் பகுதிகளில் யானையும், மாவட்டம் முழுவதிலும் சிறுத்தையும் காணப்படுகின்றன. தேயிலைச் செடி இடுப்பளவே உயரமுடையது என்றாலும், கரடியோ சிறுத்தையோ படுத்திருந்தால் மறைந்துவிடும். பாதை அடிக்கடி வளைவதால், விலங்கும் மனிதரும் மிக அருகில் வந்த பின்பே ஒருவரையொருவர் அறிகின்றனர். விலங்கு தாக்கும் நிகழ்வுகள் பலவற்றுக்கு இந்தத் திடீர்ச் சந்திப்பே காரணம். விலங்கைப் போதிய தொலைவிலேயே கண்டு, நின்று, திரும்பிச் செல்ல நேரம் பெற்றுத் தருவதே இங்கு டார்ச் விளக்கின் முதன்மைப் பயன் ஆகும்.

வரலாறு

உலர் மின்கலத்தால் இயங்கும் குழாய் வடிவக் கைவிளக்குக்கு டேவிட் மிசெல் 1899 சனவரி 10 அன்று அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அக்கால மின்கலங்கள் தொடர்ந்து மின்னோட்டம் தர இயலாததால் விளக்கை விட்டுவிட்டுத்தான் எரிக்க முடிந்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் இதற்கு 'ஃபிளாஷ்லைட்' என்ற பெயர் வந்தது இதனால்தான்.

இந்தியாவில் எவரெடி நிறுவனத்தின் மின்கலங்களும் பித்தளை, உலோக டார்ச்சுகளும் பரவலாகப் பயன்பட்டன. 1994ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தேயிலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த வில்லியம்சன் மேகர் குழுமத்தின் வசம் வந்தது. தமிழ்நாட்டில் மின்கலம் 'கட்டை' என்று அழைக்கப்பட்டதால், டார்ச்சுகள் 'இரண்டு கட்டை லைட்', 'மூன்று கட்டை லைட்' என மின்கலங்களின் எண்ணிக்கையைக் கொண்டு தரம் பிரிக்கப்பட்டன. கட்டை கூடினால் வெளிச்சம் கூடும் என்பது குண்டு பல்பு காலத்தில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962இல் உருவாக்கினார். வெள்ளை ஒளிக்குத் தேவையான திறன்மிக்க நீல எல்.இ.டி. 1990களில்தான் சாத்தியமானது. இதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகியோருக்கு 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செயல்படும் விதம்

குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூடாகி ஒளிர்கிறது. செலவாகும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. வெள்ளை எல்.இ.டி.யில் ஒரு குறைகடத்தி நீல ஒளியை உமிழ, அதன் மேல் பூசப்பட்ட ஒளிர்பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சள் ஒளியாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. டார்ச்சின் குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு 10 லூமென் அளவில் ஒளி தந்தது, இன்றைய எல்.இ.டி. 100 லூமெனும் அதற்கு மேலும் தருகிறது.

வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் மின்னழுத்தம் தேவை. 1.5 வோல்ட் உலர் மின்கலங்கள் இரண்டைச் சேர்த்தால் 3 வோல்ட் கிடைக்கும். ஆனால் அவை சற்றுத் தீர்ந்ததுமே வெளிச்சம் மங்கிவிடும். எனவே எளிய விளக்குகளில் மூன்று உலர் மின்கலங்களோ, 3.7 வோல்ட் லித்தியம் அயனி மின்கலம் ஒன்றோ பயன்படுத்தப்படுகிறது.

பெட்டியில் அச்சிடப்படும் எண்கள்

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. கேண்டெலா என்பது ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகச் செல்கிறது என்பதன் அளவு. ஒரே லூமென் கொண்ட இரு விளக்குகளில், ஒளியைப் பரப்பும் விளக்கு காலடியை நன்கு காட்டும். ஒளியைக் குவிக்கும் விளக்கு தொலைவைக் காட்டும்.

'100 மீட்டர்' என்பது போன்ற தொலைவுக் குறிப்பும் விளக்கம் தேவைப்படுவது. கைவிளக்குகளுக்கான எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரநிலையின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடமே அதன் எல்லை. இது தெளிந்த வானில் முழுநிலவு தரும் வெளிச்சத்தை ஒத்தது. தொலைவு பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்பதால், 100 மீட்டர் விளக்கு 50 மீட்டரில் 1 லக்ஸ் தரும். புதருக்கு இடையே நிற்கும் கரிய காட்டெருமையை அடையாளம் காண, குறிப்பிட்ட தொலைவில் பாதியையே பயனுள்ள தொலைவாகக் கொள்வது பாதுகாப்பானது. தரநிலை எதையும் சொல்லாமல் 'ஒரு கிலோமீட்டர்', 'இரண்டு கிலோமீட்டர்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

எரியும் நேரத்தை எளிய கணக்கால் சரிபார்க்கலாம். பல விளக்குகளில் உள்ள 18650 வகை லித்தியம் மின்கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இந்த அளவுள்ள தரமான மின்கலத்தின் கொள்ளளவே சுமார் 3,500 மில்லியாம்பியர்-மணிதான். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 13 வாட்-மணி ஆற்றல் கிடைக்கும். '10 வாட், 8 மணி நேரம்' என்று ஒரு பெட்டி சொன்னால் அதற்கு 80 வாட்-மணி தேவை. அது ஒரே மின்கலத்தில் அடங்காது. இதே அளவு மின்கலத்தின் மேல் '9,900 மில்லியாம்பியர்-மணி' என்று அச்சிட்டிருந்தால் அதுவும் உண்மையாக இருக்க இயலாது. அத்தகைய விளக்கு கடையில் பளிச்சென்று எரிந்தாலும், நடுவழியில் மங்கிவிடக்கூடும்.

மின்கல வகைகள்

மலிவான ரீசார்ஜ் விளக்குகளில் இரண்டு வகை மின்கலங்கள் உள்ளன. மூடிய ஈய-அமில மின்கலம் கனமானது. தீர்ந்த நிலையில் பல வாரங்கள் விட்டுவைத்தால் கெட்டுவிடும். லித்தியம் அயனி மின்கலம் இலேசானது, கூடுதல் ஆற்றல் சேமிப்பது. ஆனால் உறைநிலைக்குக் கீழான குளிரில் அதை சார்ஜ் செய்யக்கூடாது. ரீசார்ஜ் மின்கலங்களுக்கு இந்தியத் தர நிறுவனத்தில் பதிவு கட்டாயம் என்பதால், ஐ.எஸ். 16046 என்ற குறியீட்டையும் பதிவு எண்ணையும் மின்கலத்தின் மேல் தேடலாம்.

மின்தடை நீடிக்கும் மழைக்காலத்தில் உலர் மின்கல விளக்குக்குத் தனி மதிப்பு உண்டு. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது. இத்தகைய நாட்களில் சாலையும் மின்சாரமும் ஒருசேரத் துண்டிக்கப்படுகின்றன. அன்றாட நடைக்கு ரீசார்ஜ் விளக்கு ஒன்று, அவசரத்துக்கு உலர் மின்கல விளக்கு ஒன்று என இரண்டை வைத்திருப்பது ஏற்ற முறை.

மூடுபனி, மழை, குளிர்

மூடுபனியில் அதிக வெளிச்சமே தடையாக மாறலாம். நீர்த்துளிகள் ஒளியைக் கண்ணை நோக்கியே திருப்பி அனுப்புவதால் எதிரே வெள்ளைச் சுவர் நிற்பது போலத் தோன்றும். தலையில் கட்டும் விளக்கில் இது அதிகம், ஏனெனில் ஒளியும் பார்வையும் ஒரே நேர்கோட்டில் செல்கின்றன. விளக்கை இடுப்புக்குக் கீழே பிடித்து, பாதையை நோக்கிச் சாய்த்து, குறைந்த வெளிச்சத்தில் எரித்தால் தெளிவு கூடும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. மஞ்சள் ஒளியில் கண்கூச்சம் குறைவு என்பதே அதன் பயன்.

நீர்த்தடுப்பைப் பொறுத்தவரை, ஐ.பி.எக்ஸ்.4 என்பது எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதையும், ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதையும் குறிக்கும். முன்பகுதியை இழுத்துக் குவிக்கும் 'ஜூம்' வகை விளக்குகள் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வெளிக்காற்றையும் ஈரத்தையும் உள்ளிழுப்பதால், மழைப்பகுதிக்கு அவ்வளவாக ஏற்றவை அல்ல.

குளிரில் மின்கலத்தின் திறன் குறையும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் டிசம்பர், சனவரி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. அக்காலத்தில் விளக்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டால் அது கூடுதல் நேரம் எரியும்.

கடையில் சோதிக்க வேண்டியவை

* விளக்கைக் கடையின் இருண்ட மூலையிலோ சுவரிலோ அடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் செறிந்த வட்டமும் அதைச் சுற்றி மென்மையான பரவலும் இருந்தால் நடைக்கு உகந்தது.
* ஐந்து நிமிடம் தொடர்ந்து எரிய விட வேண்டும். வெளிச்சம் கண்டறியும் அளவு குறைந்தாலோ உடல் கடுமையாகச் சூடானாலோ தவிர்க்கலாம்.
* ஒரே அழுத்தத்தில் நேரடியாக முழு வெளிச்சம் வர வேண்டும். அவசர வேளையில் மின்னும் நிலை முதலில் வருவது ஆபத்து.
* குறைந்த வெளிச்ச நிலையும் இருக்க வேண்டும். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதிக வெளிச்சம் அதை உடனே கெடுத்துவிடும்.
* சார்ஜ் துளைக்கு இறுகப் பொருந்தும் ரப்பர் மூடி, கைக்கயிறு, கம்பளிக் கையுறையோடும் அழுத்தக்கூடிய பொத்தான் ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.
* மின்கலத்தைக் கழற்றி மாற்ற முடிந்தால் விளக்கு பல ஆண்டுகள் உழைக்கும்.
* தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விற்பனை விலை ஆகியவை பெட்டியில் இருப்பது சட்டப்படி கட்டாயம். ரசீது பெற்றுக்கொண்டால், குறை நேரும்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம்.

காட்டு விலங்குகளும் வெளிச்சமும்

டார்ச் விளக்கு விலங்கை விரட்டும் கருவி அன்று. நடக்கும்போது ஒளியைக் காலடிக்கும் 20, 30 மீட்டர் முன்னுள்ள வளைவுக்கும் மாற்றி மாற்றிச் செலுத்துவது நல்லது; பாம்பும் பள்ளமும் முதலில் காலடியில்தான் உள்ளன. மான், காட்டெருமை, சிறுத்தை ஆகியவற்றின் கண்கள் வெளிச்சம் பட்டால் மின்னும். ஆனால் விலங்கு வேறு பக்கம் திரும்பியிருந்தால் கண் தெரியாது. எனவே உருவத்தையும் அசைவையும் பார்க்கப் பழக வேண்டும்.

விலங்கைக் கண்டதும் நின்று, ஒளியை அதன் கண்ணிலிருந்து விலக்கித் தரையை நோக்கித் தாழ்த்தி, அது செல்ல வழிவிட்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். கண்ணில் தொடர்ந்து வெளிச்சம் அடிப்பதும் விளக்கை மின்ன விடுவதும் விலங்கை மிரளச் செய்யும். கன்றுடன் இருக்கும் யானை, காட்டெருமை ஆகியவற்றிடம் இது பேராபத்து. சரணாலயங்களில் விலங்குகளைத் தொந்தரவு செய்வது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றமும் ஆகும். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் ஒளி படாமல் தாழ்த்துவதும் அவசியம்.

பராமரிப்பும் கழிவும்

நீண்ட நாள் பயன்படுத்தாதபோது உலர் மின்கலங்களைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லையெனில் கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும். உப்பிய லித்தியம் மின்கலத்தை மீண்டும் சார்ஜ் செய்யக்கூடாது. நீலகிரியின் ஓடைகள் பலரின் குடிநீர் ஆதாரமாக இருப்பதால், தீர்ந்த மின்கலங்களைத் தேயிலைத் தோட்டத்திலோ ஓடையிலோ எறியக்கூடாது. மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன.

வரம்புகள்

ஒருவர் கையிலுள்ள விளக்கு அவர் பார்க்கும் திசையை மட்டுமே காட்டும். அடுத்த மேட்டுக்கு அப்பால் நிற்கும் யானைக்கூட்டத்தைக் காட்டாது. கோவை மாவட்டத்தின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு வேறு வழி காணப்பட்டது. அங்கு ஆனந்தகுமார் தலைமையிலான இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக் குழுவினர், யானைகள் இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தி வழியாக மக்களுக்குத் தெரிவித்தனர். தொலைவிலிருந்தே தெரியும்படி உயரமான இடங்களில் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளையும் அமைத்தனர். அருகில் யானை இருந்தால் கைப்பேசி வழியாக இவ்விளக்குகள் எரியவிடப்படும். இப்பணிக்காக அவருக்கு 2015இல் விட்லி விருது வழங்கப்பட்டது. டார்ச் விளக்கு தருவது அருகில் உள்ளதைப் பற்றிய எச்சரிக்கை. பேருந்திலிருந்து இறங்கும்போதே முன்னால் யானை நிற்பதை அறிந்தவருக்கு அந்தப் பாதையில் நடக்க வேண்டிய தேவையே எழாது.